ஐம்பத்தெட்டாவது கேள்வி

"எல்லாரும் சரியாப் போட்ட கணக்கை ஒருத்தர் மட்டும் தப்பாப் போட்டா, அவங்க கணக்குல வீக்குன்னு விட்டுடலாம். அதே ஆள் மொத்தப் பரீட்சையில முதல் இடமும் வாங்கினா, அதை என்னன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க மேடம்."

பயிற்சி மையத்தின் இயக்குநர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பதில் தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிற வாத்தியார் பழக்கம் அவரை விடவில்லை. அவர் தலைக்குப் பின்னால் சுவர் முழுக்க மேலாண்மைக் கல்லூரிகளில் இடம் பிடித்த பழைய மாணவர்களின் புகைப்படங்கள். அத்தனை பேரும் கோட்டு போட்டுக்கொண்டு ஒரே மாதிரி சிரித்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கோர்ட்டை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார்.

"தொண்ணூறு, நீ சொல்லு."

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. இதே நுழைவுத் தேர்வை மூன்று வருஷம் எழுதி மூன்று முறையும் தொண்ணூறு பர்சன்டைலில் போய் நின்றவன் என்பதால் வக்கீலம்மா வைத்த பெயர் இது. அவன் ஆசைப்பட்ட கல்லூரிகள் எல்லாம் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே வாயையே திறக்காதவை.

"எனக்கு முதல் இடத்துல அனுபவம் இல்லை மேடம். தப்பாப் போடறதைப் பத்திக் கேளுங்க, நாள் முழுக்கப் பேசறேன்."

இயக்குநர் சிரிக்கவில்லை. ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதிரித் தேர்வின் ஐம்பத்தெட்டாவது கேள்வி அதில் இருந்தது. ஒரு வேலையை இருபது பேர் பதினெட்டு நாளில் முடிப்பார்கள். முப்பது பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

"பன்னிரண்டு," என்றான் தொண்ணூறு.

"பாருங்க, உங்களுக்கே வருது."

அந்த 'உங்களுக்கே' அவனைச் சுருக்கென்று குத்தியது. விழுங்கிக்கொண்டான்.

இயக்குநர் விஷயத்தை விளக்கினார். இரண்டு மாதமாகவே மாதிரித் தேர்வுக் கேள்விகள் முன்கூட்டியே வெளியே போகின்றன என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒரு வலை விரித்தார். வெள்ளிக்கிழமை தயாரித்த கேள்வித்தாளில் இதே கணக்கு 'பதினைந்து நாள்' என்று இருந்தது. விடை பத்து. சனிக்கிழமை மாலை பதினைந்தைப் பதினெட்டாக மாற்றினார். விடைப்பட்டியலை மாற்றவில்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கிறவன் பன்னிரண்டைக் குறிப்பான். திருட்டு விடையை மனப்பாடம் செய்தவன் கண்ணை மூடிக்கொண்டு பத்தைக் குறிப்பான்.

"இருபத்து நாலு பேர் எழுதினாங்க. இருபத்து மூணு பேர் பன்னிரண்டு. ஒரே ஒருத்தி பத்து. எழுபத்தொண்ணு பர்சன்டைல் தாண்டாதவ, அன்னிக்குத் தொண்ணூத்தொன்பது!"

அந்த ஒருத்தி மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ். இருபத்தேழு வயது, இரண்டு வயதில் ஒரு குழந்தை. மருத்துவமனை நிர்வாகம் படிக்க ஆசைப்பட்டுத் தேர்வுக்குத் தயாராகிறாள். படிப்பு விடுப்பு தர மருத்துவமனை சம்மதித்திருந்தது. பயிற்சி மையம் நன்னடத்தைக் கடிதம் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இயக்குநரோ அவள் விடை திருடியதாகக் கடிதம் எழுதி வைத்திருந்தார். மாலை ஐந்து மணிக்கு அது மருத்துவமனைக்குப் போகும். போனால் விடுப்பும் போகும், அநேகமாக வேலையும்.

முந்தின நாள் வக்கீலம்மாவின் ஆபீசுக்கு வந்து வழக்கை ஒப்படைத்தது அந்த நர்ஸின் மாமியார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்த அம்மாள். இடுப்பில் பேரனோடு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"முந்தின ஏழு டெஸ்டும் நைட் டூட்டி முடிச்சு நேரா போய் எழுதினா. எழுபது வந்ததே பெரிசு. இந்தத் தடவை ஒரு வாரம் லீவு போட வெச்சு, பிள்ளையை நான் பார்த்துக்கிட்டு, அவளைத் தூங்க வெச்சேன். தூங்கினவளுக்கு மார்க் வந்தா திருட்டா? அவ ரஃப் தாளையாவது எடுத்துப் பாருங்கன்னு அந்த ஆள் ரூம் வாசல்ல நின்னு கத்திட்டு வந்திருக்கேன். குப்பைக்குப் போயாச்சுங்கறார்."

தொண்ணூறுக்கு அந்த மாமியாரைப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் இப்போது இயக்குநரின் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டை இல்லாத வலை.

"வலை விரிச்சது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"யாருக்குமே தெரியாது. கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பாளர்கிட்ட ஞாயிறு காலையில புதுப் பேப்பரைப் பென் டிரைவ்ல குடுத்தேன். அவர் ஒவ்வொரு மெஷினா ஏத்தினார். ஏன் மாத்தினேன்னு அவருக்கும் சொல்லலை."

கம்ப்யூட்டர் ரூம் மாடியில் இருந்தது. இரண்டு வரிசையில் இருபத்து நாலு மெஷின்கள். ஜன்னலோரம் ஒரே ஒரு பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சிக் கேள்விகள் போட்டுக்கொண்டிருந்தாள். இயக்குநரின் மகள். இவளும் இதே பேட்சில்தான் படிக்கிறாள், முதல் தேர்வு தவிர எல்லா மாதிரித் தேர்விலும் தொண்ணூற்றொன்பதுக்குக் குறைந்ததில்லை. இவர்களைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அந்த அக்கா விஷயமா வந்திருக்கீங்களா? பாவம் மேடம். டூட்டி முடிச்சுக் கண்ணெல்லாம் சிவந்து போய் வருவாங்க. வருகைப் பட்டியல் வேணுமா?" என்று தானே எடுத்துக் கொடுத்தாள். நர்ஸின் பெயருக்கு எதிரே மெஷின் எண் ஒன்பது என்று இருந்தது.

பொறுப்பாளர் அப்படி இல்லை. நாற்பது வயது மனிதர். கேள்வி கேட்டால் முதலில் கதவைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரஃப் தாள் எல்லாம் எங்க போகும்?" என்றார் வக்கீலம்மா.

"குப்பைக்கு."

"எந்தக் குப்பைக்கு?"

"குப்பைக்குன்னா... குப்பைக்குத்தான் மேடம்."

"இருபத்து நாலு பேர், ஆளுக்கு ஆறு தாள். நூத்து நாப்பத்து நாலு தாள். கூடையில ஒண்ணுகூட இல்லையே?"

மனிதருக்கு வேர்த்துவிட்டது. வக்கீலம்மாவின் காதருகே குனிந்தான் தொண்ணூறு. "மேடம், இவரேதான். பென் டிரைவ் இவர் கையில, மெஷின் இவர் கையில. கைக்குட்டையும் இவர் கையில, பாருங்க எப்படிப் பிழியறார்னு."

இரண்டு நிமிஷத்தில் பொறுப்பாளர் உடைந்தார். வெளிவந்தது வேறு உண்மை. ரஃப் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால், எதிர்ச்சாரியில் இருக்கும் பைண்டரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவார். பைண்டர் அவற்றைத் தைத்து ரஃப் நோட்டாக விற்பார். பதிலுக்குப் பொறுப்பாளருடைய பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு இலவசமாக அட்டை போட்டுத் தருவார்.

"சாருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் மேடம். ஸ்டூடன்ட்ஸுக்குத் தெரியும், அவங்கதான் நோட்டை வாங்கறதே."

"அன்னிக்கு மெஷின் எதுவும் மக்கர் பண்ணலையே?"

"ஒன்பதாம் மெஷின்ல மௌஸ் வேலை செய்யலைன்னாங்க. அப்புறமா பார்த்தா ஒயர் கழண்டு கிடந்துச்சு. சொருகினேன், சரியாப் போச்சு."

வக்கீலம்மாவின் புருவம் லேசாக மேலே போனது. அதற்குமேல் கேட்கவில்லை. படியிறங்கினார்.

பைண்டரின் கடை ஒரு கட்டிலை நீளவாக்கில் போட்டால் நிறைந்துவிடும் அளவு. பசை வாசனை. காகிதம் வெட்டும் இரும்பு மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"ரஃப் நோட்டா? நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு வந்து இருந்தது எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாளே. பதினோரு நோட்டு. எண்ணக்கூட இல்லை, எல்லாத்தையும் கொடுங்கன்னா."

தொண்ணூறு நிமிர்ந்தான். "எப்படி இருந்தா?"

"முகத்துல மாஸ்க் போட்டிருந்தா. ஆஸ்பத்திரியில போடுவாங்களே, அந்த மாதிரி."

தொண்ணூறு வக்கீலம்மாவை ஓரமாக அழைத்தான்.

"மேடம்," என்றான் தொண்ணூறு. குரலில் கிண்டல் இல்லை. "மாமியார் ரஃப் தாளைப் பாருன்னு கத்தியிருக்காங்க. அதைக் கேட்டு மருமக பயந்துட்டா. தாள்ல கணக்கே இருக்காதே, விடையைத்தானே மனப்பாடம் பண்ணியிருக்கா. அதான் வந்து அள்ளிட்டா. நாம திருடிக்காக வாதாடறோம்."

"உனக்கு வருத்தமா?"

"அந்த அம்மாவை நினைச்சா வருத்தம். பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு எப்படிப் பேசினாங்க!"

வக்கீலம்மா பைண்டர் பக்கம் திரும்பினார். "விற்க முடியாம ஏதாவது மிச்சம் இருக்கா? கிழிஞ்சது, கோணலானது?"

"ஒண்ணு இருக்கு. தலைகீழாத் தைச்சுட்டேன். எழுதின பக்கம் மேல வந்துடுச்சு. பிரிச்சுத் தைக்கலாம்னு வெச்சேன்."

மெஷினுக்கு அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். வக்கீலம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முக்கோணங்கள், வகுத்தல்கள், கேள்வி புரியாமல் யாரோ வரைந்த பூனை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் அது வைக்கப்பட்டிருந்த மெஷினின் எண் முத்திரை, மேலே எழுதியவரின் பெயரும் கையெழுத்தும். பாதி நோட்டு தாண்டியதும் அவர் விரல் நின்றது.

நர்ஸின் கையெழுத்து. கீழே, நோயாளியின் சார்ட்டில் எழுதுகிற மாதிரி வரிசை பிசகாமல் கேள்வி எண்கள். ஐம்பத்தெட்டுக்கு நேராக மூன்று வரி:

20 × 15 = 300
300 ÷ 30
10

தொண்ணூறு அதை இரண்டு முறை படித்தான். "கணக்கைப் போட்டிருக்கா. சரியாவும் போட்டிருக்கா. ஆனா பதினெட்டுக்குப் பதிலா பதினைந்துன்னு..."

"கேள்வியில பதினைந்துன்னு இருந்தா வேற எப்படிப் போடுவா?"

"இவளுக்கு மட்டும் பழைய கேள்வியா? எப்படி மேடம்?"

"மூலையைப் பார்."

முத்திரையில் ஒன்பது இல்லை. இருபத்தைந்து என்றிருந்தது.

"மாடியில இருபத்து நாலு மெஷின்தானே இருந்துச்சு?"

வக்கீலம்மா அதற்குள் போனில் நர்ஸை அழைத்துவிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார். "அன்னிக்கு எந்த மெஷின்ல உட்கார்ந்தேம்மா?"

பின்னால் யாரோ ஒரு நோயாளி இருமுகிற சத்தத்தோடு பதில் வந்தது. "ஒன்பதுலதான் போட்டிருந்தாங்க மேடம். மௌஸ் வேலை செய்யலை. உள் ரூம்ல ஒண்ணு காலியா இருக்கு, அங்க போய் எழுதுங்கக்கான்னு சொன்னதால அங்க போனேன். ஏன் மேடம், அது தப்பா?"

"சொன்னது யாரு?"

நர்ஸ் சொன்னாள். இருமல் சத்தத்தில் அது தொண்ணூறுக்குக் கேட்கவில்லை. வக்கீலம்மாவின் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. "இதை யாருமே உன்கிட்ட கேட்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

"திருடினியா திருடினியான்னுதான் மேடம் கேட்டாங்க. எங்க உட்கார்ந்தேன்னு யாரும் கேட்கலை."

மணி நாலரை. இயக்குநரின் மேஜைமேல் உறை ஒட்டித் தயாராக இருந்தது. வக்கீலம்மா அந்த ரஃப் தாளை எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி மடித்தார். முத்திரை மட்டும் தெரிகிற மாதிரி மேஜையில் வைத்துத் தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணையும் கொஞ்சம் கூப்பிடறீங்களா? வருகைப் பட்டியல்ல ஒரு சந்தேகம். அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

மகள் வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். வக்கீலம்மா சாவகாசமாக ஆரம்பித்தார்.

"பட்டியல்ல ஒன்பதுன்னு இருக்கு. ஆனா இந்த ரஃப் தாள்ல முத்திரை இருபத்தைந்து. கையெழுத்து அந்த நர்ஸுடையது. ஒன்பதுல மௌஸ் ஒயர் கழண்டதாம். அவங்களை நீதான் உள் ரூமுக்கு அனுப்பினேன்னு நர்ஸ் சொல்றாங்க."

தொண்ணூறு அப்போதுதான் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தான்.

"உதவி பண்ணேன் மேடம். மெஷின் வேலை செய்யாம முழிச்சுக்கிட்டிருந்தாங்க."

"எங்க இருக்கு அந்த இருபத்தஞ்சு?" என்று இயக்குநரைக் கேட்டார் வக்கீலம்மா.

"மாடியில உள் ரூம்ல. நான் சரிபார்க்க வெச்சிருக்கற மெஷின்," என்றார் அவர் குழப்பமாக. "அதுல யாரும் பரீட்சை எழுதறதில்லையே. சாவி என்கிட்டதானே... வீட்டுல மாட்டியிருக்கும்."

"அன்னிக்குத் திறந்திருந்தது. நர்ஸ் கஷ்டப்படக் கூடாதுன்னு ஒருத்தர் நினைச்சது நல்ல மனசுதானே?" வக்கீலம்மா மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமா மேடம். அதுல பழைய பேப்பர் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

  வக்கீலம்மா பேசுவார் என்று தொண்ணூறு காத்திருந்தான். அவர் இவனைப் பார்த்தார். நீயே கேள் என்கிற பார்வை.

"பழைய பேப்பர்னு நாங்க யாருமே சொல்லலையேம்மா," என்றான் மெதுவாக.

அந்தப் பெண் அப்பாவின் நாற்காலியிலிருந்து ஒரு அடி விலகினாள். இயக்குநர் மகளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் வக்கீலம்மா பிரித்து வைத்த தாளைப் பார்த்தார். இருபது பெருக்கல் பதினைந்து. வாத்தியார் அல்லவா, ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமை அதுலதான் போட்டுப் பார்த்தேன்," என்றார், தனக்குத்தானே சொல்கிறவர் போல. "சனிக்கிழமை மாத்தினப்புறம் அதுல புதுசு ஏத்தலை. மறந்தே போச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது உன் அம்மாகிட்ட சொன்னேன், கணக்கை மாத்தி வலை விரிச்சிருக்கேன்னு. நீ பரிமாறிக்கிட்டிருந்தே."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்க தூங்கினப்புறம் சாவி எடுத்துக்கிட்டு வருவேன்ப்பா." அவள் அழவில்லை, அழுதிருந்தால் பார்க்க எளிதாக இருந்திருக்கும். "வலைன்னு சொன்னதும் பயந்துட்டேன். யாராவது ஒருத்தர் மாட்டிக்கிட்டா நீங்க தேடறதை நிறுத்திடுவீங்கன்னு தோணுச்சு. காலையில இருபத்தஞ்சுல பழசே இருக்கறதைப் பார்த்துட்டு ஒன்பதோட ஒயரைக் கழட்டினேன். அந்த அக்கா எப்பவும் எழுபதுதான் வாங்குவாங்க. ஒரு கேள்வி தப்பானா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க, சும்மா திட்டிட்டு விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். அவங்க தொண்ணூத்தொன்பது வாங்குவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"நேத்து மாஸ்க் போட்டுக்கிட்டுப் போய் நோட்டு வாங்கினது?" என்றார் வக்கீலம்மா.

தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏம்மா?" இயக்குநரின் குரல் கீழே போய்விட்டது. "தெரியலைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. நான்தானே சொல்லித் தர்றேன்?"

"அதனாலதான்ப்பா." சுவரில் இருந்த புகைப்படங்களை ஒரு முறை பார்த்தாள். "முதல் டெஸ்ட்ல நான் நிஜமா வாங்கினது அறுபத்தெட்டு. நீங்க திட்டலை. ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்லை. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. அது முகத்தில் தெரிந்தது.

வாய்க்கு வந்த நாலைந்து வேடிக்கைப் பேச்சுகளையும் தொண்ணூறு உள்ளேயே வைத்துக்கொண்டான். மூன்று வருஷம் ஒரே எண்ணைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் அவன். கதவைத் திறக்கிற அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்துக்குப் பயந்து அவன் யாரையும் பிடித்துக் குழியில் தள்ளவில்லை. அதையும் நினைத்துக்கொண்டான்.

இயக்குநர் உறையை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். பிறகு நர்ஸின் வீட்டு எண்ணை அழைத்தார். மாமியார் எடுத்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழகிய குரல். ஸ்பீக்கரே தேவைப்படவில்லை, அறை முழுக்கக் கேட்டது. இயக்குநர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், மகள் பெயர் உட்பட.

"வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்கறேம்மா. இப்பவே கிளம்பி வர்றேன்."

"இங்க எதுக்கு சார் வர்றீங்க?" என்றார் அந்த அம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவளை இங்க வெச்சா வெளிய போன்னு சொன்னீங்க? எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க?"

"இருபத்து மூணு பேர்."

"அந்த இருபத்து மூணு பேரும் உட்கார்ந்திருக்கணும். அவங்க முன்னாடி அவளைக் கூப்பிட்டு உட்கார வைங்க. பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு, அவளுக்குப் படிக்கணும். ஆனா ஒருத்தர் குறைஞ்சாலும் அனுப்ப மாட்டேன்."

இயக்குநர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். இருபத்து மூன்றில் ஒன்று அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் கண் முதல் முறையாக மகள் பக்கம் திரும்பியது. 

அவள் கையை நீட்டி அவரிடமிருந்து போனை வாங்கினாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அனுப்புங்கம்மா," என்றாள். "இருபத்து மூணு பேரும் இருப்போம்."